பெயர் ஒன்று, வாழ்வு பல

ஒருவரை அறிய விரும்புவோர் முதலில் கேட்பது அவருடைய பெயரையே. பெயர் தெரிந்துவிட்டால் ஆளையே அறிந்துவிட்டதாக உள்ளம் அமைதி கொள்கிறது. அந்த அமைதி எத்துணைப் பெரிய பிழைக்கு இடம் தந்துவிடும் என்பதை நான் நூல்களிலிருந்து கற்றுக்கொள்ளவில்லை. ஓர் அஞ்சலட்டையிலிருந்து கற்றுக்கொண்டேன்.

1991ஆம் ஆண்டு. நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு நாள் பிற்பகல், வகுப்பு முடிந்து துறைக்குத் திரும்பியபோது என் மேசையின்மீது ஓர் அஞ்சலட்டை கிடந்தது. முன்பின் அறியாத கையெழுத்து. தென்மாவட்டம் ஒன்றில் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்குப் பயின்றுகொண்டிருந்த மாணவி ஒருவர் எழுதியிருந்தார்.

“மதிப்பிற்குரிய ஐயா, சுவடித் தொகுப்பாளர்கள் பற்றிய தங்கள் கட்டுரையை என் ஆய்வேட்டில் மேற்கோளாகக் காட்டியிருந்தேன். 1821இல் மறைந்த காலின் மெக்கன்சி 1842இல் காபூலில் பிணைக்கைதியாக இருந்தது எவ்வாறு என்று வாய்மொழித் தேர்வில் கேட்டார்கள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.”

‘நம்பி’ என்னும் அந்த ஒரு சொல் என்னைச் சுட்டது. எனக்கும் விடை தெரியாது என்பதே உண்மை.

பிழை நேர்ந்த விதம்

1988இல் மலர் ஒன்றுக்காக அக்கட்டுரையை எழுதினேன். நம் நாட்டின் ஓலைச்சுவடிகளையும் கல்வெட்டுப் படிகளையும் திரட்டிய ஐரோப்பியர் பற்றியது அது. அக்காலத்தில் நூலகத்தில் அமர்ந்து சிறு அட்டைகளில் குறிப்பெடுப்பது எங்கள் வழக்கம். ஓர் அட்டைக்கு ஒரு செய்தி. தலைப்பில் ஆளின் பெயர். அடியில் நூலின் பெயரும் பக்க எண்ணும். ஆண்டைக் குறிக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்குத் தோன்றவில்லை. ‘காலின் மெக்கன்சி’ என்று தலைப்பிட்ட அட்டைகள் என்னிடம் ஏழெட்டு இருந்தன. எல்லாவற்றிலும் சென்னைப் படை என்ற குறிப்பு வந்தது. ஆகவே ஐயம் எழவில்லை. அட்டைகளை வரிசைப்படுத்தினேன், ஒரு வாழ்வாகக் கோத்தேன், எழுதி முடித்தேன்.

அஞ்சலட்டை வந்த மறுநாள் விடுப்பெடுத்துக்கொண்டு நூலகத்திற்கு ஓடினேன். காலின் மெக்கன்சி என்னும் பெயரில் இருவர் இருந்தனர். முதல்வர் 1754 அளவில் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பிறந்து, 1783இல் சென்னைக்கு வந்து, கும்பினியின் பொறியியற் படைப்பிரிவில் பணிபுரிந்து, 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராகி, 1821 மே 8ஆம் நாள் கல்கத்தாவுக்கு அருகில் மறைந்தவர். மற்றவர் 1806இல் பிறந்து, சென்னைப் படையின் காலாட்பிரிவில் சேர்ந்து, முதல் ஆப்கானியப் போரில் பங்கேற்று, 1842இல் அங்குப் பிணைக்கைதியாக இருந்து மீண்டு, 1881வரை வாழ்ந்தவர். ஒருவர் மறைந்தபோது மற்றவருக்கு அகவை பதினைந்து. சுவடி திரட்டிய முதியவரை இறந்த பின்னும் எழுப்பிக் காபூலுக்கு அனுப்பியவன் நான்தான்.

அன்று மாலையே பணி ஓய்வு பெற்றிருந்த எங்கள் முன்னாள் துறைத்தலைவரைக் காணச் சென்றேன். திண்ணையில் அமர்ந்திருந்தவர் அஞ்சலட்டையை வாங்கி இருமுறை படித்தார். சினம் கொள்வார் என்று அஞ்சினேன். அவரோ சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “தம்பி, உங்கள் வகுப்பில் உங்கள் பெயருடையோர் எத்தனை பேர் இருந்தீர்கள்?” என்று கேட்டார்.

“மூவர், ஐயா.”

“நான் எப்படி அழைத்தேன்?”

“ஊர்ப்பெயரைச் சேர்த்து அழைத்தீர்கள்.”

“உங்களுக்கு நான் செய்ததை அந்த வெள்ளைக்காரருக்கு நீங்கள் செய்திருக்கலாமே” என்றார்.

பிறகு அவர் சொன்னவை இன்றும் என் நினைவில் உள்ளன. ஔவை என்னும் பெயரில் ஒருவருக்கு மேற்பட்டோர் வாழ்ந்ததைக் காலம் பிரித்துக் காட்டாவிட்டால் தமிழிலக்கிய வரலாறே குழம்பிவிடும் என்றார். நபிமொழிகளை அறிவித்தோரின் பெயர் ஒற்றுமையைத் தீர்ப்பதற்கென்றே அரபு மொழியில் தனித்துறை ஒன்று வளர்ந்ததையும், 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கத்தீப் அல்-பக்தாதி அதற்கென நூல் இயற்றியதையும் எடுத்துரைத்தார். “பெயரைக் கண்டதும் நின்றுவிடாதீர்கள். தந்தை யார், ஊர் எது, ஆண்டு எது, செய்த பணி யாது என்று நான்கையும் கேளுங்கள். நான்கும் பொருந்தினால்தான் ஆள் ஒருவர்” என்றார்.

நான் அம்மாணவிக்கு விரிவான மடல் எழுதினேன். பிழை முழுவதும் என்னுடையது என்று கையொப்பமிட்டு, அதன் படியைத் தேர்வாளருக்குக் காட்டுமாறு வேண்டினேன். அவர் ஆய்வேட்டைத் திருத்திக் கொடுத்துப் பட்டம் பெற்றார். ஆயினும் மூன்று திங்கள் தாழ்ந்தது. அந்த இடைவெளியில் அவருக்குக் கிடைக்கவிருந்த பள்ளி வேலை ஒன்று வேறொருவருக்குப் போய்விட்டது. இதனை அவர் எனக்கு எழுதவில்லை. மன்னிப்புக் கேட்க நேரில் சென்றபோது அவர் தந்தையார் பேச்சுவாக்கில் சொல்லித்தான் அறிந்தேன். என் ஓர் அட்டையில் ஓர் ஆண்டு எழுதப்படாமற் போனதற்கு எங்கோ ஒரு வீட்டில் விலை கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் எனக்குத் தேநீர் கொடுத்து வழியனுப்பினார்கள். பேருந்தில் திரும்பும்போது, மெக்கன்சி என்னும் அப்பெயரை முழுமையாக அறிந்தே தீருவது என்று உறுதிகொண்டேன்.

ஒரு குடி, ஒரு பெயர்

‘மக்’ என்பது ஸ்காட்லாந்தின் மேட்டுநிலத்தார் பேசும் கேலிக் மொழியில் மகனைக் குறிக்கும் சொல். கென்னத் என்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரின் கேலிக் வடிவத்தோடு அது சேர்ந்து, ‘கென்னத்தின் மகன்’ என்னும் பொருளில் மெக்கன்சி என்றாயிற்று. அப்பெயரின் நடுவே இன்று நாம் ஒலிக்கும் சகர ஒலியும் பழையதன்று. பழைய ஸ்காட்டிய எழுத்தில் யகரம் போன்ற ஒலியைக் குறிக்கத் தனி எழுத்து ஒன்று இருந்தது. அச்சுக்கோப்போரிடம் அவ்வெழுத்து இல்லாமையால், வடிவில் ஒத்திருந்த வேறோர் எழுத்தை இட்டு நிரப்பினர். காலப்போக்கில் மக்களும் அச்சில் கண்டவாறே உச்சரிக்கத் தொடங்கினர். ஆக, எழுத்தைக் கண்டு ஏமாந்தவன் நான் ஒருவன் மட்டும் அல்லன் என்று சிறிது ஆறுதல் கொண்டேன்.

கென்னத்தின் மகன் என்றால் ஒரு வீட்டாரைத்தானே குறிக்க வேண்டும்? ஒரு நாட்டுப்புறம் முழுவதும் மெக்கன்சிகள் ஆனது எங்ஙனம்? மேட்டுநிலத்தில் ‘கிளான்’ எனப்படும் குடி அமைப்பு நிலவியது. குடித்தலைவரின் நிலத்தில் வாழ்ந்து, அவர் அழைத்தால் வாளெடுத்துச் செல்லக் கடமைப்பட்டிருந்தோர் பலரும் அவருடைய குருதி உறவினர் அல்லர். ஆயினும் குடும்பப்பெயர் ஒன்றை ஏட்டில் எழுத வேண்டிய நிலை வந்தபோது தலைவரின் பெயரையே பலர் ஏற்றனர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லூயிஸ் தீவு கின்டெயில் பகுதியின் மெக்கன்சித் தலைவர்கள் கைக்கு வந்தது. 1844இல் தீவு விற்கப்படும் வரை அக்குடியினரிடமே இருந்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வாட்சியில் அப்பெயர் தீவெங்கும் பரவியதில் வியப்பில்லை.

குடும்பப்பெயர் பொதுவானால் இயற்பெயராவது வேறுபடலாம். அதற்கும் வழக்கம் இடந்தரவில்லை. மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயர், மூன்றாமவனுக்குத் தந்தையின் பெயர் என்பது ஸ்காட்லாந்தில் பரவலாகப் போற்றப்பட்ட முறை. ஆகவே அலெக்சாண்டர், காலின், கென்னத், ஜார்ஜ் என்னும் சில பெயர்களே தலைமுறை தலைமுறையாகச் சுழன்று வந்தன. நம்மவரும் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவோர்தாம். ‘பேரன்’ என்னும் சொல்லே அதற்குச் சான்றாக நிற்கிறது என்று சொல்வாருண்டு. அன்பினால் இடப்படும் பெயரே பின்னாளில் ஆய்வாளனைத் திணற வைக்கிறது.

அவ்வூர் மக்கள் குழம்பினார்களா? இல்லை. ஏட்டில் எழுதிய பெயர் அதிகாரிகளுக்கு. ஊரார் வாயில் வழங்கியது வேறு. தந்தை பெயர், பாட்டன் பெயர் என்று அடுக்கிச் சொன்னார்கள். தொழிலை, நிறத்தை, ஊனத்தை, குடியிருந்த இடத்தைச் சேர்த்து அடைபெயர் இட்டார்கள். உயர்குடியினரை நிலத்தின் பெயரால் பிரித்தறிந்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் சர் ஜார்ஜ் மெக்கன்சி என்னும் பெயரில் ஒரே காலத்தில் இருவர் ஸ்காட்லாந்து அரசில் உயர்பதவி வகித்தனர். ஒருவர் ரோஸ்ஹா என்னும் நிலத்துக்கு உரியவர். மற்றவர் டார்பட்டுக்கு உரியவர். ரோஸ்ஹா மெக்கன்சி அரசின் தலைமை வழக்கறிஞர். தம் சமயக் கொள்கைக்காக நின்ற உடன்படிக்கையாளர்களைக் கடுமையாக வழக்குத் தொடுத்துத் தண்டித்ததால் ‘குருதி படிந்த மெக்கன்சி’ என்று தூற்றப்பட்டவர். எடின்பரோவில் வழக்கறிஞர் நூலகத்தை 1689இல் திறந்துவைத்தவரும் அவரே. அந்நூலகத்தின் செல்வம்தான் 1925இல் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்திற்கு அடித்தளமாயிற்று. டார்பட் மெக்கன்சியோ 1703இல் குரோமார்ட்டிப் பிரபுவானார். நிலத்தின் பெயரை நீக்கி ‘சர் ஜார்ஜ் மெக்கன்சி’ என்று மட்டும் எழுதினால், ஒருவர் சுமக்க வேண்டிய பழி மற்றவர் தலையில் விழும்; ஒருவருக்கு உரிய புகழ் மற்றவர் கணக்கில் சேரும்.

ஒரே ஊரின் இருவர்

லூயிஸ் தீவில் ஸ்டோர்னவே என்னும் துறைமுக ஊர் இருக்கிறது. காலின் மெக்கன்சி அவ்வூரினர். இந்தியாவுக்கு வருமுன் அவ்வூர்ச் சுங்க அலுவலகத்தில் பணிபுரிந்தவர். அதே ஊர்ப் பகுதியில் அவருக்கு ஏறத்தாழப் பத்தாண்டு இளையவராக 1764இல் பிறந்தார் அலெக்சாண்டர் மெக்கன்சி. அவருடைய தந்தை கென்னத்தை ஊரார் ‘கோர்க்’ என்னும் அடைபெயரால் அழைத்தனர். கென்னத் மெக்கன்சி என்ற பெயர் மட்டும் அங்கே ஓர் ஆளைச் சுட்டப் போதாது என்பதற்கு அவ்வடைபெயரே சான்று.

சிறுவன் அலெக்சாண்டர் கடல் கடந்து அமெரிக்கா சென்று, பின் மான்ட்ரியல் நகரை அடைந்து, மென்மயிர்த் தோல் வணிகத்தில் சேர்ந்தான். 1789இல் பசிபிக் கடலைச் சேரும் வழி தேடி, வடமேற்குக் கனடாவின் பேராறு ஒன்றின் போக்கில் படகு செலுத்தினார் இளைஞர் மெக்கன்சி. ஆறு அவரை வடதுருவக் கடலுக்குக் கொண்டு சேர்த்தது. அவர் மனம் சோர்ந்துவிடவில்லை. 1793 மே மாதம், அலெக்சாண்டர் மெக்கே என்னும் துணைவரோடும், படகோட்டிகள் அறுவரோடும், மண்ணின் மைந்தர் இருவரோடும் மீண்டும் மேற்கே புறப்பட்டு, மலைகளைக் கடந்து, சூலை மாதம் பசிபிக் கரையை அடைந்தார். கனடாவிலிருந்து தரைவழியாக வந்ததையும், 1793 சூலை 22 என்னும் நாளையும் தம் பெயரோடு சேர்த்துச் செந்நிறக் கலவையால் பாறையொன்றில் எழுதி வைத்தார்.

இதனைப் படித்தபோது நான் நாணினேன். தொலைதூரக் கடற்கரையில், உயிருக்கு உறுதியில்லாத நிலையில் நின்ற ஒருவர், தம் பெயரை மட்டும் எழுதாமல், எங்கிருந்து, எவ்வழியாக, எந்நாளில் என்பனவற்றையும் எழுதினார். விசிறிக்கு அடியில் அமர்ந்து அட்டையில் எழுதிய நான் பெயரோடு நிறுத்திக்கொண்டேன். எங்கள் துறைத்தலைவர் கேட்கச் சொன்ன வினாக்களுக்கு அந்தப் பாறை விடை சொல்லிக்கொண்டிருக்கிறது.

அவர் 1802இல் ‘சர்’ பட்டம் பெற்றார். 1812இல் மணந்துகொண்ட பெண்ணின் பெயர் கெடிஸ் மெக்கன்சி. மணமாகியும் அவருக்குக் குடும்பப்பெயர் மாற வேண்டிய தேவை எழவில்லை. 1820இல் அலெக்சாண்டர் மறைந்தார். அடுத்த ஆண்டில் கல்கத்தா அருகே காலின் மறைந்தார். ஒரு சிற்றூரின் இரு மெக்கன்சிகளுள் ஒருவர் மேற்கே சென்று காட்டாறுகளை வரைந்தார். மற்றவர் கிழக்கே வந்து மைசூர் நாட்டை அளந்தார். இருவரையும் இணைப்பவை ஊரும் பெயரும் மட்டுமே.

மற்றைய அலெக்சாண்டர்கள்

அலெக்சாண்டர் மெக்கன்சி என்று நூலகத்தில் தேடினால் இவரோடு முடிவதில்லை. கனடாவைப் பற்றிப் படிக்கப் புகுவோர் இன்னொருவரைக் கட்டாயம் சந்திப்பர். 1822இல் பெர்த்ஷயரின் லாஜிரேட் என்னும் ஊரில் பிறந்து, கல்தச்சராகத் தொழில் பழகி, 1842இல் கனடா சென்று, கிங்ஸ்டன் நகரில் கல் செதுக்கிப் பிழைத்தவர் அவர். 1873இல் கனடாவின் இரண்டாம் பிரதமரானார். மறைவு வாக்களிப்பு முறை 1874இலும், கனடாவின் உச்ச நீதிமன்றம் 1875இலும் அவருடைய ஆட்சிக் காலத்தில் ஏற்பட்டன. ‘சர்’ பட்டம் தருவதாகச் சொன்னபோது மும்முறை மறுத்தவர். ஆற்றுக்குப் பெயர் தந்த மெக்கன்சியோடு இவரைக் குழப்புவோர் இன்றும் உண்டு. அவ்வாறு குழப்பினால், மறுத்தவருக்குப் பட்டம் கிடைத்துவிடும். தம் உழைப்பால் உயர்ந்து, பட்டம் வேண்டா என்று சொன்ன ஒரு கல்தச்சருக்கு அதைவிடப் பெரிய இழுக்கு வேறென்ன இருக்க முடியும்?

மூன்றாமவர் இசைவாணர். 1847இல் எடின்பரோவில் பிறந்த சர் அலெக்சாண்டர் மெக்கன்சி, வயலின் கலைஞரான தந்தையின் பெயரையே தாமும் தாங்கியவர். 1888 முதல் 1924 வரை இலண்டன் அரச இசைக்கழகத்தின் முதல்வராக விளங்கினார். ஸ்காட்டிய நாட்டார் இசையின் பண்பைத் தம் இசைப்படைப்புகளில் பதித்தவர். நான்காமவர் ஆட்சியாளர், பர்மாவின் தலைமை ஆணையராகவும் பின்னர் வங்காளத்தின் துணைநிலை ஆளுநராகவும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பணியாற்றியவர்.

ஐந்தாமவரைத்தான் நான் பெரிதும் மதிக்கிறேன். 1838இல் கெர்லாக் என்னும் மேட்டுநிலப் பகுதியில் எளிய உழவர் குடியில் பிறந்த அலெக்சாண்டர் மெக்கன்சி, இன்வர்னெஸ் நகரில் இதழ் நடத்தினார். மெக்கன்சிக் குடியின் வரலாற்றைக் கிளை கிளையாகப் பிரித்து எழுதினார். எந்தக் கென்னத்துக்கு எந்தக் காலின் மகன், அவன் எந்த அலெக்சாண்டருக்குத் தந்தை என்று விளக்குவதிலேயே அவர் வாழ்நாளில் ஒரு பகுதி கழிந்தது. அத்தோடு நில்லாமல், 1883இல் மேட்டுநில வெளியேற்றங்களின் வரலாற்றை நூலாக்கினார். செம்மறி ஆடு வளர்ப்பு மிகுந்த வருவாய் தருவது கண்ட நிலவுடைமையாளர்கள், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடியானவரை வீட்டோடு பெயர்த்தெறிந்த துயரக் கதை அது. குடித்தலைவரின் பெயரைத் தாங்கியோரைக் குடித்தலைவர் வழியினரே வெளியேற்றிய நிகழ்ச்சிகளும் அக்காலத்தில் உண்டு. பெயர் ஒன்றாயிருந்தும் உறவு ஒன்றாகவில்லை. கப்பலேறிய ஏழையும் மாளிகையில் இருந்த பிரபுவும் ஏட்டில் ஒரே பெயரால் எழுதப்பட்டனர் என்பதற்காக அவர்தம் வாழ்வும் ஒன்றென்று கொள்ள இயலுமா?

பெயருக்குப் பின்னே நிற்போர்

இவ்வாறு ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறியக் கற்ற பின்பு, இன்னொரு பாடம் எனக்குக் காத்திருந்தது. அது காலின் மெக்கன்சியிடமிருந்தே வந்தது.

அவர் திரட்டியவற்றுக்கு 1828இல் வில்சன் என்னும் அறிஞர் அட்டவணை வெளியிட்டார். 1,568 இலக்கியச் சுவடிகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 6,218 காசுகள் என அத்தொகுப்பு விரிகிறது. அதன் ஒரு பெரும்பகுதி இன்று சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது. நாம் அதனை மெக்கன்சி தொகுப்பு என்கிறோம். ஆனால் மெக்கன்சிக்கு நம் நாட்டு மொழிகளில் புலமை இல்லை. ஊர் ஊராகச் சென்று, கர்ணங்களிடமும் கோயிலாரிடமும் முதியோரிடமும் பேசி, சுவடி கேட்டு, படியெடுத்து, ஆங்கிலத்தில் பெயர்த்துத் தந்தவர்கள் வேறு. காவலி வேங்கட போரய்யா அவர்களுள் தலையாயவர். அவர் 1803இல் இளமையிலேயே மறைந்ததும் அவர் தம்பி இலட்சுமய்யா அப்பணியை ஏற்றார். தருமய்யா என்னும் சமண அறிஞரும் துணைநின்றார். இவர்கள் போக, பெயர் பதிவாகாத எழுத்தரும் ஏவலரும் எத்தனையோ பேர். தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் 1816இல் மெக்கன்சியை வரைந்தபோது, அவரைச் சூழ நம் நாட்டவர் மூவரையும் சேர்த்தே வரைந்தார். நான் 1988இல் எழுதிய கட்டுரையிலோ மெக்கன்சி மட்டும் தனியே நின்றார்.

அலெக்சாண்டர் மெக்கன்சியின் பயணத்திலும் இதே நிலைதான். அவர் பெயர் பெற்ற பேராற்றுக்கு அதன் கரையில் வாழும் தெனே மக்கள் ‘டே சோ’ என்று பெயரிட்டிருந்தனர். பெரிய ஆறு என்பது பொருள். பசிபிக் கரைக்கு இறங்கும் வழியைக் காட்டி, தம் படகில் ஏற்றிச் சென்றோர் நுஹால்க் மக்கள். அவர்கள் பல தலைமுறைகளாக வணிகத்துக்குப் பயன்படுத்திய வழி அது. வழி காட்டியோரின் பெயரைப் பாறை சொல்லவில்லை.

ஒரு பெயரைப் பலர் பகிர்ந்துகொள்வது ஒரு குழப்பம். பலருடைய உழைப்பின்மீது ஒரு பெயர் மட்டும் எழுதப்படுவது அதனினும் பெரிய குழப்பம். முன்னதில் ஒருவர் உழைப்பு மற்றவர் கணக்கில் சேர்கிறது. பின்னதில் உழைத்தவர் இருந்த சுவடே மறைகிறது. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. பெயர் கிடைத்ததும் நாம் தேடலை நிறுத்திக்கொள்கிறோம்.

மாணவச் செல்வங்களுக்கு

இன்று நீங்கள் அட்டைகளில் குறிப்பெடுப்பதில்லை. கைப்பேசியில் ஒரு பெயரைத் தட்டினால் நொடியில் ஆயிரம் செய்திகள் வந்து குவிகின்றன. அன்று ஏழெட்டு அட்டைகளில் நான் செய்த குழப்பத்தை இன்று ஒரு பொறி பல்லாயிரம் பக்கங்களில் செய்துவிட முடியும். ஒருவர் படத்தின் அடியில் மற்றவர் வாழ்க்கைக் குறிப்பு இடம்பெறுவதை நாம் காண்கிறோம். கருவி விரைவானது என்பதற்காக நாமும் விரைய வேண்டும் என்பதில்லை. தந்தை, ஊர், ஆண்டு, பணி என்னும் நான்கையும் கேட்டுப் பாருங்கள். ஐந்தாவதாக, இவரோடு உழைத்தவர் யார் என்றும் கேளுங்கள். இவ்வைந்தாம் வினாவை நானே பின்னர் சேர்த்துக்கொண்டேன். எங்கள் துறைத்தலைவர் உயிரோடிருந்தபோது அவரிடம் அதனைச் சொன்னேன். “சரி, சேர்த்துக்கொள்ளுங்கள்” என்று சிரித்தார்.

திருத்தக் குறிப்பு ஒன்றை அடுத்த மலரில் வெளியிட்டேன். நான்கே வரி. கட்டுரையைப் படித்தவர் எத்தனை பேரோ, திருத்தத்தைப் படித்தவர் எத்தனை பேரோ, அறியேன். அம்மாணவி பின்னர் வேறொரு பள்ளியில் தமிழாசிரியை ஆனார். பல ஆண்டுகள் கழித்து ஒரு கருத்தரங்கில் அவரைச் சந்தித்தேன். என்னை வணங்கிவிட்டு, தம் மாணவியர் இருவரை அறிமுகம் செய்தார். இருவருக்கும் ஒரே பெயர். நான் முந்திக்கொண்டு, “ஊர் எது அம்மா?” என்று இருவரையும் தனித்தனியே கேட்டேன். அவர் புரிந்துகொண்டு புன்னகைத்தார்.

காபூல் என்று எழுதிய அந்தப் பழைய அட்டை இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ‘காலின் மெக்கன்சி’ என்னும் பெயருக்கு அருகே, பிற்காலத்தில் சிவப்பு மையால், 1806–1881 என்று எழுதி வைத்திருக்கிறேன்.